தூரிகையும் எழுதுகோலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்)

கொல்லிமலையில் பிறந்த எவருக்கும் வல்வில் ஓரியின் கதை தெரியும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி, தன்னைப் பாடி வந்த புலவர்க்கும் பாணர்க்கும் வாரி வழங்கியதைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கிறோம். ஆனால், ஓரி போன்ற புரவலர்கள் மறைந்த காலத்தில் பிறந்த கலைஞன் எப்படி வாழ்வது? வயிற்றுக்கு ஒரு தொழில் செய்துகொண்டே மனத்துக்குப் பிடித்த கலையையும் காப்பாற்ற முடியுமா? இவ்வினாக்களுக்கு விடையாக விளங்குவது, எங்கள் மலையை விட்டு இறங்கினால் வரும் நாமக்கல் சீமையில் வாழ்ந்த கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்களின் வாழ்க்கை.

காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், வெங்கடராம பிள்ளைக்கும் அம்மணி அம்மாளுக்கும் எட்டாவது குழந்தையாக அவர் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணிபுரிந்தவர். மகனோ அந்த வழியில் செல்லவில்லை. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் பயின்றபின் நாமக்கல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். இரண்டும் ஊரார் மதிக்கும் உத்தியோகங்கள். இரண்டிலும் அவர் நிலைக்கவில்லை.

அவருக்குச் சோறு போட்டது தூரிகை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி அவர் எழுதிய படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. உருவப் படங்கள் எழுதுவதே பிழைப்பாயிற்று. ஆயினும் அந்த ஆண்டுகளிலும் அவர் பாட்டை விடவில்லை. கானாடுகாத்தானில் பாரதியாரைக் கண்டபோது, ஓவியர் என்றே அவரை அறிமுகப்படுத்தினார்கள். பாரதியார் கேட்டுக்கொண்டதும் தாமே இயற்றிய பாடலொன்றைப் பாடினார். மகாகவி மனமாரப் பாராட்டினார்.

நாட்டு விடுதலைப் போர் அவருடைய வாழ்வை மீண்டும் திருப்பியது. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்கள், ஆயுதமில்லா அறப்போரைப் போற்றும் அவருடைய பாடலைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். அப்போது அவருக்கு வயது 41. ஓவியராக அறியப்பட்டவரை நாடு கவிஞராக அறிந்தது. 1932இல் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். எந்த மன்னரின் விழாவுக்குப் படம் எழுதிப் பதக்கம் பெற்றாரோ, அதே மன்னரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றார்! சிறைக்குள் இருப்பவர் படம் எழுதிப் பொருளீட்ட முடியாது. அது தெரிந்தே சென்றார்.

பெருமைகள் மெல்லத்தான் வந்தன. 1949இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியபோது வயது 60. அவருடைய 'மலைக்கள்ளன்' நாவல் 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாயிற்று. 'என் கதை' என்று தம் வரலாற்றையும் எழுதினார். சட்ட மேலவையிலும் இடம்பெற்றார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்று, 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது. எழுத்தராகத் தொடங்கியவரின் பெயரைச் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் தாங்கி நிற்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிளகும் சாமையும் விற்ற பணத்தில் அப்பா என்னைப் படிக்க வைக்கிறார். பட்டம் வாங்கி ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்பதே வீட்டாரின் விருப்பம். அது நியாயமானது. விடுதியில் என் கவிதை நோட்டு, தாவரவியல் ரிக்கார்டு நோட்டுக்கு அடியில் கிடக்கிறது. இனி இது எதற்கு என்று ஒருநாள் அதைக் கிழிக்கவும் துணிந்தேன்.

கவிஞரைப் போல் கிடைத்த வேலையை விட்டு விலகும் துணிவோ வசதியோ எனக்கில்லை. ஆனால் பிழைப்பு எத்தனை முறை மாறினாலும் பாட்டைக் கைவிடாத அவருடைய உறுதியை நானும் கைக்கொள்ளலாம் அல்லவா? கிழிக்கவிருந்த நோட்டில் மேலும் பத்துப் பக்கங்கள் எழுதிவிட்டேன். நண்பர்களே, உங்கள் பெட்டியின் அடியிலும் அப்படியொரு நோட்டு இருந்தால், அதைக் கிழித்துவிடாதீர்கள்!