சிற்றுரு சமைத்த செம்மல்

லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளை சென்று புகையிரதம் ஏறுவோர், தெமோதரையிற் பாதை வளைந்து, தன் நிலையத்தின் அடியிலேயே குகைவழி செல்லும் புதுமையைக் கண்டிருப்பர். குன்றின்மேல் நின்று நோக்குவார்க்கு அவ்வண்டி விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும். அதனைக் கண்ட சிறுவர் தகரப்பேணியால் வண்டி செய்து இழுப்பர். படிப்பைக் கெடுக்கும் விளையாட்டென்று அவர்களைக் கடிந்த ஆசிரியருள் யானும் ஒருவன். அக்கருத்தை மாற்றியது ஒரு கடைக்காரரின் வரலாறு.

வென்மன் ஜோசப் பாசெற்-லோக் 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோர்தாம்ரன் நகரிற் பிறந்தார். தந்தையார் கொதிகலன் பட்டறை நடத்தியவர். மைந்தர் சிலகாலம் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் பயின்று, பின் தந்தையின் பட்டறைக்கே மீண்டார். சிறிய நீராவி எஞ்சின்களைத் தம் கையாற் செய்ய விரும்புவார்க்கு உறுப்புகள் எளிதிற் கிடைப்பதில்லை என்பதை உணர்ந்தார். பட்டறையிற் கணக்கெழுதிய ஹரி பிராங்கிளின் என்பாரோடு கூடி, 1899 அளவில் அவற்றைத் தபால்வழி விற்கலானார். வார்ப்புகள் வந்து சேரும். அராவித் துளையிட்டுப் பொருத்துதல் வாங்கியவர் கடன்.

1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஜேர்மனிய விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளரைச் சந்தித்தார். இங்கிலாந்தில் உண்மையாக ஓடிய எஞ்சின்களின் வடிவை ஹென்றி கிறீன்லி என்னும் பொறியியலறிஞர் வரைந்து கொடுக்க, அவர்கள் அவ்வாறே செய்தளித்தனர். உண்மை வண்டியின் ஓரடி, சிற்றுருவில் 7 மில்லிமீற்றர் என்பது அக்காலத்து அளவுகளுள் ஒன்று. 60 அடி நீள எஞ்சின் 420 மில்லிமீற்றராய் அடங்கும். 1908-இல் இலண்டன் ஹை ஹோபோர்ன் வீதியிலும் கடை திறந்தார். 1914-இல் மூண்ட போர் ஜேர்மனியச் சரக்கின் வரவை நிறுத்தியபோதும் வணிகம் தளரவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அவ்விளையாட்டு வினையாயிற்று. நோர்மண்டிக் கரையில் 1944-இற் படைகளுக்கெனச் செயற்கைத் துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டபோது, அதன் சிற்றுருக்களைச் செய்தளித்தது இவர் நிறுவனமே. பல்லாயிரவர் உயிர் சார்ந்த முயற்சிக்கு, சிறுவர்க்குப் புகைவண்டி செய்து பழகிய கைகள் துணைநின்றன. 1953-இல் அவர் மறைந்தார்.

அளவு சிறிதாயினும் வழுவலாகாது என்பதே அவர் கைக்கொண்ட நெறி. இப்பொழுதெல்லாம் மாணவன் பேணிவண்டியொடு வகுப்பினுள் வந்தால் யான் கடிவதில்லை. நான்கு சக்கரமும் ஒத்த அளவினவோ என்றே வினவுகின்றேன்.