உத்தியோகம் போயிற்று, அகராதி பிறந்தது!

தம்பி வில்லெல்முடன் சேர்ந்து நாட்டுக் கதைகளைத் தொகுத்தவர் ஜேக்கப் கிரிம். சிறுவர்களுக்கும் தெரிந்த பெயர். ஆனால் ஜெர்மானிய மொழிகளின் ஆராய்ச்சிக்கு அடிகோலியவரும் இவரே.

ஜெர்மனியில் ஹானோ என்ற ஊரில் 1785-ல் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். 1802-ல் மார்பர்க் பல்கலைக் கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஆசிரியர் சாவினியின் வீட்டில் பழைய ஜெர்மன் பாடல் நூல் ஒன்றைக் கண்டார். அன்றே மனம் மொழியின் பக்கம் திரும்பியது.

காசெல் நகர நூலகத்தில் வேலை, சொற்பச் சம்பளம். அங்கிருந்தபடியே 1819-ல் ஜெர்மானிய மொழிகளின் இலக்கணத்தை வெளியிட்டார். லத்தீனில் "பாத்தர்" என்று இருப்பது ஆங்கிலத்தில் "ஃபாதர்" என்று இருப்பது ஏன்? இத்தகைய ஒலி மாற்றங்களில் ஓர் ஒழுங்கு உண்டு என்று 1822-ல் விளக்கினார். அதுவே "கிரிம் விதி".

1830-ல் கெட்டிங்கன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். நல்ல பதவி. ஆனால் 1837-ல் ஹானோவர் அரசர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். ஏழு பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். சகோதரர் இருவரும் அவர்களில் அடக்கம். ஏழு பேரும் வேலை இழந்தார்கள். மூன்றே நாளில் நாட்டை விட்டு வெளியேறும்படி ஜேக்கபுக்கு உத்தரவு!

வருமானம் இல்லாத அந்த வேளையில்தான், 1838-ல், பெரிய ஜெர்மன் அகராதியைத் தொகுக்கும் பணியைச் சகோதரர்கள் ஏற்றார்கள். முதல் தொகுதி வெளிவர 1854 ஆயிற்று. 1859-ல் தம்பி மறைந்தார். அண்ணன் தனியே எழுதினார். 1863-ல் "பழம்" என்ற பொருளுள்ள சொல்லை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவரும் காலமானார்.

பின்வந்த அறிஞர்கள் பணியை விடவில்லை. 1961-ல் அகராதி நிறைவு பெற்றது. மொத்தம் 123 ஆண்டுகள்!

மொழி படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நூலகர், பேராசிரியர், அகராதி ஆசிரியர் என மூன்றுமாக வாழ்ந்து காட்டினார், சட்டம் படிக்கப் போன ஜேக்கப் கிரிம்.