வன்னியின் பழம்பிணியும் வைத்திய அறிஞர் கஸ்தெல்லானியும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை புலவர் ஒருவரைப் பற்றியதாகவே இருக்கும் என்று பழைய மாணவர் பலரும் எண்ணியிருப்பர். ஆயின் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது தோல்நோய் ஆராய்ந்த இத்தாலியர் ஒருவரின் வரலாறு. அவர்பால் எம்மை அழைத்துச் சென்றது ஒரு சொல்லே. அது 'பறங்கி' என்பது.

பறங்கியர் என்பது போர்த்துக்கேயருக்கு எம்முன்னோர் வழங்கிய பெயர். அவர்களோடு வந்ததென மக்கள் நம்பிய ஒரு நோய்க்கும் அதுவே பெயராயிற்று. சிங்கள மக்களும் அந்நோயை அவ்வாறே அழைத்தனர். தோலோடு தோல் படுவதாற் பரவும் அப்பிணி பெரும்பாலும் சிறுவரையே முதலிற் பற்றும். உடலெங்கும் புண்கள் எழும். காலஞ் செல்ல உள்ளங்கால் வெடித்து நடை தளரும். சிலருக்கு எலும்பும் மூக்கும் சிதையும். குளங்கள் தூர்ந்து, நல்ல உணவும் நன்னீரும் அருகிக் கிடந்த வன்னிக் கிராமங்களில் காய்ச்சலும் பறங்கியும் குடிகளை வாட்டின. இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி என்பார் இந்நோயைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை 1881இல் வெளியிட்டார் என்றால், அதன் கொடுமையை நாம் உய்த்துணரலாம். எனினும் நோயை உண்டாக்குவது யாதென எவரும் அறிந்திலர்.

அதனைக் கண்டறிந்த அல்டோ கஸ்தெல்லானி 1874ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்சு நகரிற் பிறந்தார். அந்நகரிலேயே வைத்தியம் கற்று 1899இற் பட்டம் பெற்றார். பின்னர் ஜேர்மனியின் பொன் நகரில் குருசே என்னும் பேராசிரியரிடம் கிருமியியல் பயின்று, இலண்டன் வெப்பமண்டல வைத்தியப் பள்ளியிற் சேர்ந்தார்.

1902இல் உகண்டாவில் உறக்கநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்டிருந்தது. அதனை ஆராயச் சென்ற மூவர் குழுவில் இளைஞராகிய கஸ்தெல்லானியும் ஒருவர். ஒருவகைப் பற்றீரியாவே காரணம் என்று அவர் முதலிற் கருதினார். பின்னர் நோயாளரின் மூளைமுண்ணாண் நீரில் திரிப்பனசோமா என்னும் நுண்ணுயிரைக் கண்டார். மறு ஆண்டு அங்கு வந்த டேவிட் புரூசு அவ்வாராய்ச்சியை விரிவாக்கினார். கண்டவர் ஒருவர், கண்டதன் பொருளை உணர்ந்தவர் மற்றொருவர் என ஒரு சாரார் கூற, முழுப் புகழும் தமக்கே உரியதெனக் கஸ்தெல்லானி வாதிட்டார். அவ்வழக்கு நெடுநாள் ஓயவில்லை. முந்திக் கண்டவர் யார் என்னும் வினா அறிஞர் வாழ்விலே எத்துணைக் கசப்பை விளைக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

1903இல் அவர் கொழும்புக்கு வந்து அரசாங்கப் பற்றீரியவியலாளராய்ப் பதவியேற்றார். 1905ஆம் ஆண்டு ஜேர்மனியில் சௌடினும் ஒப்மனும் மேகநோயின் சுருளிக்கிருமியைக் கண்டறிந்தனர். அவ்வாண்டிலேயே கஸ்தெல்லானி பறங்கிப் புண்ணின் நீரை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கி, அதனுள்ளும் மெல்லிய சுருளிக்கிருமிகள் இருத்தலைக் கண்டார். மிக மெல்லியது என்னும் பொருளில் இலத்தீன் மொழியிற் 'பேர்தெனுயிசு' என அவர் இட்ட பெயர் சிறிது திரிந்தும் இன்றுவரை நிலைத்துள்ளது. பின்னர்க் குரங்குகளிற் செய்த சோதனைகளால், இரு நோயும் ஒன்றையொன்று ஒத்தனவாயினும் வேறானவை என்பதற்குச் சான்று காட்டினார்.

அக்கண்டுபிடிப்பைப் பிரித்தானிய வைத்திய ஏடு அவ்வாண்டிலேயே வெளியிட்டது. அவ்வெளியீட்டின் தலைப்பிலே 'பறங்கி' என்னும் எம்மவர் சொல் இடம்பெற்றுள்ளது. இரு நோயாளரின் புண்களிற் கிருமி காணப்பட்டது என்பதே தலைப்பின் பொருள். உலகெங்கும் இந்நோய் பற்றி எழுதுவோர் அவ்வெளியீட்டை இன்றும் மேற்கோளாகக் காட்டுகின்றனர். காட்டுந்தோறும் கஸ்தெல்லானியின் பெயர் வரும். பறங்கி என்னும் சொல்லும் வரும். அவ்விரு நோயாளரின் பெயர் மாத்திரம் வாராது. அவர்தம் புண்ணின்றி அப்புகழ் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

கொழும்பில் அவர் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம் எனலாம். வெயிலும் வியர்வையும் மிக்க எம் நாட்டிலே படர்தாமரையும் தேமலும் எளியோரின் தீராத் தொல்லை. பிறர் அற்பமென ஒதுக்கிய அவற்றை அவர் பொறுமையோடு ஆராய்ந்தார். படர்தாமரை உண்டாக்கும் செந்நிறப் பங்கசு ஒன்றை 1910இல் விவரித்தார். மறு ஆண்டு பிரான்சு நாட்டுச் சபுரோ அதனை வேறு பேரினத்துக்கு மாற்றினார். முதற் கண்டவர் பெயரை அடைப்புக்குறிக்குள் இட்டு, மாற்றியவர் பெயரைப் பின்னே எழுதுவது அத்துறையின் மரபு. ஆகவே உலகிலே மிகுதியாகப் படர்தாமரை விளைக்கும் அப்பங்கசின் முழுப்பெயரில் கஸ்தெல்லானி இன்றும் அடைப்புக்குறிக்குள் வாழ்கின்றார். மற்றொரு மதுவத்துக்குத் தம் ஆசிரியர் குருசேயின் பெயரைச் சூட்டினார். ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

அல்பேட்டு சாமேசு என்பாருடன் இணைந்து அவர் இயற்றிய வெப்பமண்டல வைத்திய நூல் 1910, 1913, 1919 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வெளிவந்தது. மூன்றாம் பதிப்பு ஈராயிரம் பக்கங்களைக் கடந்தது. அவர் வகுத்த செந்நிறப் பூச்சுமருந்து கஸ்தெல்லானி மருந்து என்றே வைத்தியசாலைகளில் வழங்கிற்று. அம்மருந்தைப் பூசிக்கொண்டோர் அவர் எழுதிய ஒரு வரியையும் படித்திரார்.

1915இல் இலங்கையை நீங்கிய அவர் இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் கற்பித்தார். மன்னர்க்கும் செல்வர்க்கும் மருத்துவரானார். முசோலினிக்கு அணுக்கராகி, 1935இல் எதியோப்பியாமீது தொடுத்த போரில் இத்தாலியப் படைகளின் வைத்தியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். நச்சுப்புகையால் எதியோப்பிய மக்களைக் கொன்ற படை அது. ஏழையரின் புண்ணை ஆராய்ந்த கை அத்தகைய படைக்குத் துணைநின்றமை அவர் வரலாற்றிலே மாறாத கறை. முடியாட்சி வீழ்ந்தபின் 1946இல் இத்தாலிய அரச குடும்பத்தோடு போர்த்துக்கலுக்குச் சென்று, 1971இல் இலிசுபனில் உயிர் துறந்தார். பறங்கியின் கிருமியைக் கண்டவர் பறங்கியர் நாட்டிலே கண்மூடினார்.

நோயோ, அவர் காலத்திலேயே தளரலாயிற்று. பெனிசிலின் ஊசி வந்தபின் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1952 முதல் 1964 வரை 46 நாடுகளில் ஐந்து கோடி மக்களுக்குச் சிகிச்சையளித்தன. எம் வன்னியிலும் பறங்கிப் புண் இன்று பழங்கதை. எனினும் அதனை மருந்து ஒன்றே நீக்கியதன்று. கஸ்தெல்லானி இலங்கைக்கு வருவதற்கு முந்திய ஆண்டாகிய 1902இல் இரணைமடுக் குளவேலை தொடங்கிற்று. நீரும் நெல்லும் துணியும் சவர்க்காரமும் கிராமத்தை அடைய, தோலிற் பரவும் நோய்க்கு இடம் குறைந்தது. நுணுக்குக்காட்டியும் மண்வெட்டியும் இருவேறு திசையினின்று அப்பகையை நெருக்கின.

எவர் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டார் என எண்ணி அறிஞரை அளக்கும் காலம் இது. அவ்வெண்ணிக்கை பயனற்றதன்று, முன்னோர்க்குச் செலுத்தும் நன்றிக்கடனின் கணக்கு அது. ஆனால் அக்கணக்கில் ஏறாத நன்றியும் உண்டு. மறைந்துபோன நோயே அதன் சான்று. வைத்தியமும் விஞ்ஞானமும் கற்கச் செல்லும் எம் மாணவர், அற்பமெனப் பிறர் ஒதுக்கும் எளியோர் துன்பத்தை ஆராயும் பொறுமையைக் கஸ்தெல்லானியிடம் கற்பாராக. அவர் தவறிய இடத்திலே தவறாதிருப்பாராக. தம் ஆய்வுக்கு உடலைத் தந்த பெயரறியா மாந்தரையும் நெஞ்சில் இருத்துவாராக. அதுவே இவ்விழா நாளில் எமது வேண்டுகோள்.