எமிலி டிக்கின்சன் அம்மையார்

செய்யுளியற்றக் கற்போர் ஆசிரியருடன் உறைந்தே கற்றல் வேண்டுமோ என்பது பழைய வினா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெர்மான்ட் மாகாணத்துக் காடர்ட் கல்லூரியார் 1976-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு புதிய விடை கண்டனர். மாணாக்கர் ஆண்டில் இருமுறை மட்டும் சின்னாள் கல்லூரியில் ஒருங்குகூடித் தங்கினர். எஞ்சிய திங்கள்களில் தம் இல்லத்திருந்தே எழுதி ஆசிரியர்க்கு அஞ்சலில் விடுத்தனர். இவ்வேற்பாடு தோன்றுதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே, எக்கல்லூரியின் துணையுமின்றி இம்முறையிற் பயின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

எமிலி டிக்கின்சன் அம்மையார் 1830-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஆம்ஹெர்ஸ்ட் என்னும் ஊரிற் பிறந்தனர். பாட்டனார் அவ்வூர்க் கல்லூரியை நிறுவினோருள் ஒருவர். தந்தையார் அதன் பொருளாளர். எனினும் அக்கல்லூரி அந்நாளில் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. ஆகவே அம்மையார் 1847-இல் அயலூரிலிருந்த மவுண்ட் ஹோலியோக் மகளிர் கலாசாலையிற் சேர்ந்தனர். ஓராண்டு நிரம்புமுன்னரே இல்லம் திரும்பினர்.

1862-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அட்லாண்டிக் மன்த்லி என்னும் பத்திரிகையில், இளம் எழுத்தாளர்க்கு அறிவுரையாக ஹிக்கின்சன் என்பார் ஒரு கட்டுரை வரைந்தனர். அதனைக் கண்ணுற்ற அம்மையார், தம் செய்யுட்கள் நான்கினை அவர்க்கு விடுத்து, இவற்றில் உயிருண்டோ என வினவினர். கடிதத்திற் கையொப்பமில்லை, பெயரைத் தனியே ஒரு சீட்டில் எழுதி, சிறியதோர் உறையிலிட்டு உள்ளே வைத்திருந்தனர். அப்போது அவர்க்கு வயது 31.

ஹிக்கின்சன் குறைகளை எடுத்துக்காட்டினர். நடை ஒழுங்குபடவில்லை என்றும், அச்சிடுதலைச் சிறிது தாழ்த்துதல் நன்றென்றும் கூறினர். அம்மையார் நன்றியுடன் ஏற்றுத் தம்மை மாணாக்கியென்றே குறித்துக்கொண்டனர். ஆனால் அறிவுரைக்கிணங்கத் தம் நடையை மாற்றினாரல்லர். இதனைச் செருக்கென்பாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் நாடியது திருத்துங் கையினும் படிக்குங் கண்ணே போலும். ஆசிரியர் உள்நாட்டுப் போரில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களாலாய படைக்குத் தலைவராய்ச் சென்றபோதும் கடிதங்கள் தொடர்ந்தன. செய்யுட்களும் சென்றன. அவை ஏறத்தாழ நூறு.

எட்டாண்டு கழித்து, 1870 ஆகஸ்டு 16-ஆம் நாளன்றுதான் இருவரும் முதன்முதல் நேரிற் கண்டனர். வெண்ணிற உடையுடன் மெல்ல நடந்துவந்த அம்மையார், லில்லி மலரிரண்டை ஆசிரியர் கையிற் கொடுத்து, அதுவே தம் அறிமுகமென்றனர். தம் நரம்பின் வலிமையை இத்துணை உறிஞ்சினார் பிறரிலர் என்றும், அவர்க்கு அருகே வாழாமை நன்றே என்றும் ஹிக்கின்சன் தம் மனைவியார்க்கு எழுதினர். சேய்மை ஆசிரியர்க்கும் வேண்டியிருந்தது! 1873 டிசம்பரில் மீண்டும் ஒருமுறை கண்டனர். இருபத்துநான்கு ஆண்டுத் தொடர்பில் நேர்ச்சந்திப்பு இவ்விரண்டே.

அம்மையார் 1886 மே 15-ஆம் நாள் மறைந்தனர். ஆசிரியர் அடக்கத்திற்கு வந்திருந்தனர். பின்னர்த் தங்கை லவினியா, நூலாற் கட்டிய சிறு சுவடிகளாகவும் தனித்தாள்களாகவும் குவிந்துகிடந்த செய்யுட்களைப் பெட்டியிற் கண்டெடுத்தனர். அம்மையார் இயற்றியவை ஏறத்தாழ 1,800. வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவே, அவையும் பெயரின்றி. 1890-இல் மேபல் லூமிஸ் டாட் அம்மையாரும் ஹிக்கின்சனும் முதல் தொகுதியை வெளியிட்டனர். அதில் சில எதுகைகள் செப்பஞ்செய்யப்பட்டன, தலைப்புக்கள் சேர்க்கப்பட்டன. மாணாக்கி உயிருள்ளவரை இணங்காத திருத்தம் அவர் மறைந்தபின் நிகழ்ந்தது. 1955-இல் தாமஸ் ஜான்சன் என்னும் அறிஞர் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி, அம்மையார் இட்ட கோடுகளும் பிறழாமல் 1,775 செய்யுட்களைப் பதிப்பித்தனர்.