நர்சுகளுக்கு ஆசிரியை தேடிய ஐடா அம்மையார்

கொங்கு நாட்டில் இன்று ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, கோபி என்று பல ஊர்களிலிருந்தும் நோயாளிகள் கோவைக்கு வருகிறார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இரவெல்லாம் கண் விழித்து நோயாளியைக் காப்பவர் நர்ஸ். அந்த நர்சுக்குத் தொழிலைக் கற்றுக் கொடுப்பவர் யார்?

இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்துச் செயல்பட்டவர்களுள் ஒருவர் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

மூன்று உயிர்கள்

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை அமெரிக்க டாக்டர். பாட்டனாரும் டாக்டர். ஆனால் ஐடாவுக்கு அந்தத் தொழிலில் விருப்பம் இல்லை. அமெரிக்காவில் சுகமாக வாழ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. தாயாருக்கு உடல்நலம் குன்றியதால் 1890-ல் திண்டிவனம் வந்தார்.

ஒரு நாள் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். மூன்றாமவரும் ஓர் இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தார்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டார்கள். ஐடாவின் தந்தை வருவதாகச் சொல்லியும் அவர்கள் ஏற்கவில்லை. ஆண் டாக்டர் பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்து போனார்கள் என்ற செய்தி வந்தது.

அந்த இரவே ஐடாவை மாற்றிவிட்டது. அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்தார். 1899-ல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம் பெற்றார்.

சலோமி கற்ற வித்தை

புறப்படும்போது, ஷெல் என்ற நியூயார்க் செல்வர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை அளித்தார். அந்தப் பணத்தில் 1902-ல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது.

கட்டிடம் கிடைத்துவிட்டது. கைகொடுக்க ஆள் வேண்டுமே! வீட்டு வேலையாளின் மனைவி சலோமி என்ற பெண்ணையே அம்மையார் தம் உதவிக்குப் பழக்கினார். காயம் கழுவுவது, கட்டுப் போடுவது எல்லாம் சலோமி கற்றார். ஆனால் நாளுக்கு நாள் பெருகிய கூட்டத்தை ஓரிருவர் எப்படிச் சமாளிக்க முடியும்? நர்ஸ் வேலை கௌரவக் குறைவு என்று பல குடும்பங்கள் எண்ணிய காலம் அது.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. 1909-ல் டீலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்சின் துணையோடு நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் திறந்தார். ஆறு பேர் மனுப் போட்டால் தொடங்கலாம் என்று சென்னை அரசின் மருத்துவத் தலைவர் கூறியிருந்தார். வந்த மனுக்கள் 151!

ஆசிரியர் பஞ்சம்

பிறகு ஒரு பெரிய சோதனை வந்தது. பழைய பள்ளிப் படிப்பு போதாது, பல்கலைக் கழகப் பட்டப் படிப்பாக மாற்ற வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. அதற்கு உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். பெரும் பணமும் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். எழுபது வயது கடந்த அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது.

நர்சிங்கிலும் இதே குறைதான். பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்சுகளே இருந்தார்கள் என்று 1946-ல் போர் கமிட்டி அறிக்கை கணக்குக் காட்டியது. அதாவது 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ். புதியவர்களைப் பழக்க வேண்டுமானால் படித்த ஆசிரியைகள் முதலில் வேண்டும். அதே 1946-ல் வேலூரிலும் டில்லியிலும் நர்சிங் பட்டப் படிப்பு பிறந்தது. பட்டம் பெற்றவர்களில் பலர் ஆசிரியைகள் ஆனார்கள்.

ஏழைப் பெண்கள் எப்படிப் படித்தார்கள்? திருச்சபைகள் பலருடைய பொறுப்பை ஏற்றன. படிப்பு முடிந்ததும் அந்தச் சபையின் ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ல் லண்டனில் கண்ட வழியும் ஏறக்குறைய இதுதான். பொதுமக்கள் தந்த 45,000 பவுன் நிதியிலிருந்து மாணவிகளுக்கு உணவும் இடமும் ஆண்டுக்கு 10 பவுனும் கொடுத்தார். அங்கே பயின்றவர்கள் ஆஸ்திரேலியா வரை சென்று மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள்.

ஐடா அம்மையார் திருமணம் செய்து கொள்ளவில்லை. 1960-ம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில், 89-வது வயதில் காலமானார்.

நமக்கு ஒரு பாடம்

இன்று நர்சிங் கல்லூரியில் பேராசிரியை ஆக எம்.எஸ்சி. பட்டம் வேண்டும். நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்து, வேலைக்கும் போய்விட்ட பெண், மேலும் இரண்டு ஆண்டு சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். வீட்டில் தம்பி படிப்பான். தங்கைக்குக் கல்யாணம் வரும். வெளிநாட்டு வேலையோ கை நிறையச் சம்பளம் தருகிறது. அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அவளைக் குறை சொல்லிப் பயன் என்ன?

அவளுடைய இரண்டு ஆண்டுச் செலவை யாராவது ஏற்றுக் கொண்டால் நிலைமை மாறும். ஓர் ஆசிரியை ஆண்டுக்கு 40 பேருக்குக் கற்பித்தாலும், 25 ஆண்டுகளில் ஆயிரம் நர்சுகள் உருவாகிவிடுவார்கள். ஒருவருக்குச் செய்த உதவி ஆயிரம் பேராகப் பெருகும்.

கொடுப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஐந்தாவது பாகத்தைத் தர்மத்துக்கே எழுதி வைத்தார்கள். இன்று அந்த அறநிலையம் நடத்தும் கல்லூரிகளில் நர்சிங் கல்லூரியும் ஒன்று.

கட்டிடம் கட்டப் பணம் கொடுப்பவர்கள், கற்பிக்கப் போகும் ஒரு பெண்ணின் படிப்புக்கும் கொடுக்க முன்வரலாம். அவளிடம் படித்து வரும் நர்ஸ், நாளை நம் வீட்டுத் தாயின் கட்டிலருகே விழித்திருப்பாள்.