செம்பை பாகவதரின் சாரீரம்

கனத்த சாரீரம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர் ஸ்ரீ செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டை அடுத்த கோட்டாயிக்கு அருகிலுள்ள செம்பை கிராமத்தைச் சேர்ந்தவர், 1896-ல் பிறந்தவர். தகப்பனார் அனந்த பாகவதரே குரு. 1904-ல், எட்டு வயதில், சகோதரர் சுப்ரமணியத்துடன் ஒற்றப்பாலத்தில் அரங்கேற்றம் ஆயிற்று.

அது மைக் இல்லாத காலம். கல்யாணப் பந்தலானாலும் கோயில் பிராகாரமானாலும் கடைசி வரிசைக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும். அவருக்கு நெடுங்காலம் பக்கவாத்தியம் வாசித்த மைசூர் சௌடய்யா, பிடிலின் நாதம் தூரத்திற்குக் கேட்க வேண்டும் என்றே ஏழு தந்தி பூட்டிக்கொண்டார். பாடகருக்கோ தொண்டைதான் உண்டு. அதற்குப் பின்பலம் வயிற்றிலிருந்து எழும் மூச்சு. செம்பை வாயை நன்றாகத் திறந்து, அகாரம் அகாரமாகவே ஒலிக்கப் பாடியவர். மேல் ஸ்தாயியில் கள்ளக் குரலுக்குத் தாவுவது அவர் வழியல்ல.

அந்நாளைய குருகுலத்தில் இதற்கு வழி விடியற்காலை அகார சாதகம்தான். முதலில் மந்த்ர ஸ்தாயி. ஒரே ஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை அசையாமல் நிற்பது. சப்பணமிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். மூச்சு இழுக்கும்போது வயிறு விரியலாம், தோள் தூக்கக் கூடாது. மேல் ஸ்வரத்திற்கு மோவாயை நிமிர்த்தினால் கழுத்து இறுகி நாதம் மெலியும்.

எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் பாட்டு கற்கும் குழந்தைகள் பலர் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்தபடியே பாடுகிறார்கள். மற்ற ஊர்களிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். சுரங்கத் தூசியில் நுரையீரலைப் பறிகொடுத்தவர்களைக் கண்ட தங்கவயல்காரர்களுக்கு மூச்சின் அருமையைச் சொல்லவே வேண்டாம். நோட்டை ஒரு பலகைமேல் உயர்த்தி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

1951-ல் ஸங்கீத கலாநிதி விருது. மறு வருஷமே, 1952-ல், அத்தனை பெரிய சாரீரம் திடீரென்று அடைத்துவிட்டது. பாட்டையே ஜீவனமாகக் கொண்ட, ஐம்பத்தைந்து வயது தாண்டியவருக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது? ஆயுர்வேத சிகிச்சைக்குப் பின் குரல் திரும்பியது. குருவாயூரப்பனின் கிருபை என்றே கடைசிவரை நம்பினார். ஏகாதசி காலத்தில் குருவாயூரில் அவர் பாடி வந்த வழக்கமே இன்று செம்பை ஸங்கீதோத்ஸவமாக நடக்கிறது.

சிஷ்யர்களை எடுத்துக்கொண்டதில் அவர் பிறப்பைப் பார்க்கவில்லை. கே. ஜே. யேசுதாஸ், பி. லீலா, ஜய-விஜய சகோதரர்கள், டி. வி. கோபாலகிருஷ்ணன் என்று ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு விதம். ஒருவர்கூட அவரைப் போலக் குரல் செய்து பாடவில்லை என்பதை நான் அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

1974 அக்டோபர் 16 அன்று, அரங்கேற்றம் நடந்த அதே ஒற்றப்பாலத்தில், பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் கச்சேரியை முடித்த பிறகு பாகவதர் காலமானார்.