திருநீலகண்ட யாழ்ப்பாணர் சாத்தமங்கையிற் பெற்ற இடம்

நடுநாட்டிலே, விருத்தாசலத்துக்கு அணித்தாகிய திருவெருக்கத்தம்புலியூரிலே, பாணர் மரபில் அவதரித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். கி. பி. 7-ஆம் நூற்றாண்டினர். அவ்வூர் இக்காலத்தில் இராசேந்திரபட்டினம் என வழங்கும். எம் நகரின் பெயர்க்குக் காரணமாகச் சொல்லப்படும் யாழ்பாடி வேறொருவர். பெயரொற்றுமை கண்டு மாணாக்கர் மயங்குவதுண்டாதலின் இது கூறினேம்.

நாயனார் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சோழநாட்டுத் தலங்கள்தோறும் சென்று, இறைவன் புகழைச் சகோட யாழில் இட்டு வாசித்து வந்தார். மதுரையை அடைந்து திருக்கோயிலின் வாயிலிலே நின்று வாசித்தார். அக்காலத்திற் பாணர்க்கு நிற்குமிடம் அதுவே. அன்றிரவு இறைவன் அடியார்களுக்குக் கனவிலே கட்டளையிட்டருள, அவர்கள் நாயனாரைத் திருமுன்பு கொண்டு புகுந்தார்கள். நிலத்தின் ஈரம் யாழைத் தாக்காதபடி பொற்பலகையும் இடப்பட்டது. திருவாரூரிலோ, வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட, அதன் வழியே புகுந்து வணங்கினார். வேறொரு வாயில் என்பது சிந்திக்கத்தக்கது.

பின்பு சீகாழியிலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரைக் கண்டு, அவர் திருப்பதிகங்களை யாழிலிட்டு, பிரியாது உடன் செல்லும் வரம் பெற்றார். தருமபுரத்திலே, பதிகங்களின் பெருமை யாழினாலாயது எனச் சுற்றத்தார் கூறியதைப் பொறாராய், யாழில் அடங்காத பதிகமொன்றை அருளும்படி தாமே பிள்ளையாரை வேண்டினார்; அது அடங்காமை கண்டு யாழையே உடைக்கப் புகுந்து, பிள்ளையாரால் தடுக்கப்பட்டார். இவ்வரலாறுகளை நம் ஆசிரியர்கள் வகுப்பிலே விரித்துரைப்பார்கள். அடுத்து நிகழ்ந்ததை ஒரு வாக்கியத்திலே கடந்துவிடுவார்கள்.

அது சாத்தமங்கையிலே நிகழ்ந்தது. அவ்வூர் அந்தணர் திருநீலநக்க நாயனார் ஆசாரத்திலே மிக உறைப்புடையவர். ஒருகால் அயவந்தித் திருக்கோயிலிலே சிவலிங்கத் திருமேனியில் விழுந்த சிலம்பியை அவர் மனைவியார் வாயால் ஊதித் துமிந்தமை கண்டு, எச்சில் பட்டதெனச் சினந்து அவரைத் துறந்தவர். அன்பினாற் செய்த அச்செயலை இறைவன் ஏற்றருளியமை கனவிலே அறிந்த பின்னரே மனைவியாரை அழைத்து வந்தார். இத்தகையவர் மனைக்கே பிள்ளையார் அடியார் கூட்டத்துடன் எழுந்தருளினார்.

அமுது செய்தபின் இரவாயிற்று. பாணரும் அவர் மனைவியாரும் தமக்கென இடம் கேட்டிலர். பிள்ளையாரே நீலநக்கரை அழைத்து, அவ்விருவரும் அன்றிரவு தங்குதற்கு இடங்கொடுக்கும்படி பணித்தார். திண்ணையைக் காட்டியிருப்பினும் பணித்தது செய்ததாகவே முடியும். நீலநக்கரோ, மனையின் நடுவே வேள்வித்தீ அறாது வளரும் வேதிகையின் பக்கத்திலே இடங்கொடுத்தார். அவர் தயங்கினார் எனச் சிலர் கதைசொல்லும்போது சேர்த்துக்கொள்வர். சேக்கிழார் அங்ஙனம் கூறிலர், மிக மகிழ்ந்தே கொடுத்தார் என்கின்றார். அப்பொழுது வேதிகையிலிருந்த தீ, முன்னையினும் ஓங்கி வலஞ்சுழித்து எழுந்தது. அதனைக் கண்டோர் மகிழ, நாயனார் மனைவியாருடன் அங்கே துயின்றார்.

கோயிலிலே இறைவன் கனவில் வந்து ஏவவேண்டியிருந்தது. இங்கே விருந்தோம்பியவர் ஓர் இல்லறத்தார். யாழ்ப்பாணத்திலே 1930-ஆம் ஆண்டளவிற் சமாசனத்தின் பொருட்டுப் பாடசாலைகள் சில எரியுண்டன. 1968-இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாயில் அடைபட்டது. அக்காலத்து முதியோர் பலர் பெரியபுராணம் கேட்டவர்களே. நீலநக்கர் மனையின் நடுவிடம் எதுவென மாணாக்கர்க்குக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்: வாயில், திண்ணை, உள்முற்றம், வேதிகை, அதன் பக்கத்தே இருவர்.

மறுநாட் பிள்ளையார் அயவந்தியிலே பாடிய பதிகத்தினுள் நீலநக்கர் பெயரையும் வைத்தருளினார். பின்னாளில் நல்லூர்ப்பெருமணத்திலே பிள்ளையாரின் திருமணச் சடங்கை நடத்தியவர் நீலநக்கரே. அன்று தோன்றிய சோதியினுள்ளே அவரும், யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும், ஒரே வாயிலாற் புகுந்தார்கள்.